தைராய்டு கட்டி அறிக்கை: நோய் திரும்புமா என்பதை எந்த வரி சொல்கிறது?

தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து சில நாட்களில் பேதாலஜி அறிக்கை, அதாவது எடுத்த திசுவைச் சோதித்த அறிக்கை, கைக்கு வரும். இரண்டு மூன்று பக்கம் இருக்கும். வீட்டில் படித்த பிள்ளை யாராவது அதை வாங்கிப் பார்த்தால், கண் முதலில் போவது இரண்டு இடத்துக்கு: கேன்சர் என்று போட்டிருக்கிறதா, கட்டி எத்தனை சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் என்றால் பயம், ஒன்று என்றால் நிம்மதி. நோய் திரும்ப வருமா என்று கணிக்க வேண்டிய மருத்துவரோ அந்த இரண்டையும் சட்டென்று பார்த்துவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரிகளுக்குப் போய்விடுவார். கட்டி எந்தெந்த எல்லையைத் தாண்டியிருக்கிறது என்ற விவரம் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பொடி எழுத்து வரிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பாப்பில்லரி, ஃபாலிகுலர் என்ற இரண்டு வகைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தைராய்டு புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு இந்த இரண்டில் ஒன்றுதான். மெடுல்லரி வகை வேறொரு செல்லில் பிறப்பது, அதன் கணக்கே தனி. அனாபிளாஸ்டிக் வகை மிக அரிது, மிக வேகமானது. இவற்றை இங்கே கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஸ்டேஜ் ஒன்று, ஆனாலும் ஏன் இத்தனை கவனிப்பு?

‘ஸ்டேஜ் ஒன்று என்றார்கள், அப்புறம் எதற்கு (மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கும்) கதிரியக்க அயோடின் மருந்து, எதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்?’ பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

டி.என்.எம். (கட்டி, நிணநீர் முடிச்சு, தொலைவுப் பரவல்) என்ற ஸ்டேஜ் கணக்கு, நோயால் உயிர் போகும் வாய்ப்பை அளக்கத்தான் உருவானது. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் எட்டாவது பதிப்பின்படி, 55 வயதுக்குக் கீழே உள்ள ஒருவருக்குப் பாப்பில்லரி அல்லது ஃபாலிகுலர் புற்றுநோய் இருந்து, அது நுரையீரல், எலும்பு போன்ற தொலைவான இடங்களுக்குப் போகவில்லை என்றால் அவர் ஸ்டேஜ் ஒன்றுதான். கழுத்தில் இருபது நிணநீர் முடிச்சுகளில் (நெறிக்கட்டிகளில்) நோய் இருந்தாலும் ஸ்டேஜ் ஒன்றுதான். இளம் வயதில் இந்த நோயால் இறப்பது மிகக் குறைவு என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். அதே நபருக்குக் கழுத்தில் நோய் மறுபடி தலைகாட்டும் வாய்ப்பு கணிசமாக இருக்கலாம். அதை ஸ்டேஜ் எண் சொல்லாது. அதற்குத்தான் அமெரிக்க தைராய்டு சங்கம் தனியாக ஒரு அபாய வரிசை வைத்திருக்கிறது. அந்த வரிசையில் பெரும்பகுதி திசு அறிக்கையை வைத்தே முடிவாகிறது.

திரும்ப வருவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அது கழுத்து நிணநீர் முடிச்சுகளில்தான் தெரியும். சில சமயம் தைராய்டு இருந்த இடத்திலேயே. குறைவான பேருக்கு நுரையீரலிலோ எலும்பிலோ. ஐந்தாறு வருடத்துக்குள் தெரிவது அதிகம் என்றாலும், இருபது வருடம் கழித்து வந்தவர்களும் உண்டு. இன்னொன்று: ‘திரும்பியது’ என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி உண்மையில் போகவே இல்லாதது. முதல் அறுவையின்போதே கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் சிக்காத அளவில் இருந்து, மெதுவாக வளர்ந்து பிறகு தெரிகிறது. திசு அறிக்கை துப்புக் கொடுப்பது பெரும்பாலும் இந்த மிச்சத்தைப் பற்றித்தான்.

மை பூசி, சீவி, பார்ப்பது

எடுத்த தைராய்டை ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே முதல் வேலை அதன் வெளிப்பரப்பு முழுக்க மை பூசுவது. பிறகு துண்டு போட்டு, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்தில் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைப்பார்கள். கட்டியின் செல்கள் அந்த மைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால், வெட்டிய விளிம்பில் நோய் இருக்கிறது என்று பொருள். அறிக்கையில் ‘மார்ஜின் பாசிட்டிவ்’ என்று வரும். விளிம்பில் மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரிகிற நோய் ஒரு நிலை. அறுவை செய்யும்போதே முழுதாக எடுக்க முடியாமல் கண்ணுக்குத் தெரிய விட்டுவைக்க வேண்டியிருந்தது என்றால் அது வேறு நிலை, அபாய வரிசையில் மேல் தட்டு. முதல் நிலையைக் கேட்டு ரொம்பப் பதற வேண்டியதில்லை. தைராய்டு மூச்சுக்குழாயையும் குரல் நரம்பையும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அங்கே தாராளமாக ஓரம் விட்டு வெட்ட இடமில்லை.

செல்லின் முகம்

பாப்பில்லரி வகையை அடையாளம் காட்டுவது செல்லின் நடுவே உள்ள கரு. பெரிதாகி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நீளவாக்கில் கோடு விழுந்து, உள்ளே வெளுத்துப் போயிருக்கும். இந்த வெளுப்பு பாதி ஃபார்மலினின் கைவேலை. உறைய வைத்து அவசரமாகப் பார்க்கும் திசுவில் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஆனாலும் பல தலைமுறை பேதாலஜிஸ்ட்டுகள் இதைப் பார்த்துத்தான் நோயைப் பெயர் சொல்லி வந்திருக்கிறார்கள்.

பாப்பில்லரி என்று ஒரே பெயர் போட்டாலும் உள்ளே பல உள்வகைகள் உண்டு. கிளாசிக் என்று இருந்தால் வழக்கமான, நிதானமான நடத்தை. ‘டால் செல்’ என்று இருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். செல்லின் உயரம் அகலத்தைப்போல மூன்று மடங்காவது இருந்து, கட்டியில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் அப்படிப்பட்ட செல்கள் இருந்தால் அந்தப் பெயர் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் 2022 வகைப்பாடு. முன்பு 50 சதவீதம் கேட்டார்கள். காலம்னர், ஹாப்நெய்ல் ஆகிய உள்வகைகளும் இதே எச்சரிக்கைப் பட்டியலில் வருகின்றன. இவை தைராய்டை விட்டு வெளியேறுவதிலும், முடிச்சுகளுக்குப் போவதிலும், சில சமயம் அயோடின் மருந்துக்கு மசியாமல் நிற்பதிலும் முன்னணியில் இருப்பவை.

உள்வகைப் பெயர் பாதிச் செய்திதான் என்பது என் எண்ணம். தைராய்டுக்குள்ளேயே அடங்கி நிற்கும் சிறிய டால் செல் கட்டியையும், மூச்சுக்குழாயைத் தொட்ட ஐந்து சென்டிமீட்டர் டால் செல் கட்டியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பெயரைப் பார்த்த கையோடு எல்லை பற்றிய வரிகளையும் பார்க்க வேண்டும்.

உறையும் ரத்தக்குழாயும்

ஃபாலிகுலர் வகையில் எல்லாமே எல்லைதான். இந்தக் கட்டியைச் சுற்றி நார்த்திசுவால் ஆன ஓர் உறை இருக்கும். உறைக்குள் இருக்கும் செல்களைப் பார்த்தால் சாதுவான அடினோமாவும் (புற்றுநோய் அல்லாத கட்டி) புற்றுநோயும் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் ஒன்றே ஒன்று: கட்டி அந்த உறையை முழுக்கனத்துக்கும் துளைத்து வெளியே வந்திருக்கிறதா, அல்லது உறையிலோ அதற்கு வெளியிலோ உள்ள ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா.

அறுவைக்கு முன் செய்யும் ஊசி டெஸ்டில் இதைச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். இளநீரைக் குடித்துப் பார்த்து ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்று சொல்ல முடியுமா? ஊசி எடுத்துவருவது உள்ளே இருக்கும் செல்களை மட்டும். அதனால்தான் ஊசி டெஸ்டில் ‘ஃபாலிகுலர் நியோபிளாசம்’ என்று பிடிகொடுக்காமல் எழுதுகிறார்கள். பலருக்குப் பாதித் தைராய்டை எடுத்த பிறகுதான் விடை கிடைக்கிறது. எடுத்தபின்னும் பேதாலஜிஸ்ட் உறையை ஒரு சுற்று முழுக்கத் துண்டு போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு துண்டு மட்டும் பார்த்துவிட்டு ‘உறை பத்திரம்’ என்று எழுதிய அறிக்கைக்கு மதிப்புக் குறைவு.

உறையை மட்டும் தாண்டியது என்றால் நோய் திரும்பும் வாய்ப்பு 2 முதல் 3 சதவீதம்தான் என்பது மேலே சொன்ன சங்கத்தின் 2015 வழிகாட்டுதலில் உள்ள கணக்கு. ரத்தக்குழாய்களில் விரிவாகப் புகுந்துவிட்டது என்றால் அதே கணக்கு 30 முதல் 55 சதவீதம் வரை ஏறுகிறது. எத்தனை குழாய் என்பதும் எண்ணப்படுகிறது. நான்குக்குக் குறைவு ஒரு பக்கம், நான்கும் அதற்கு மேலும் இன்னொரு பக்கம். ஃபாலிகுலர் வகை நிணநீர் வழியை அவ்வளவாக நாடுவதில்லை. ரத்தம் வழியாக நேராக நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகிற சுபாவம் அதற்கு. ஆகவே குழாய்க்குள் நுழைந்த வரி இந்த வகையில் மற்ற எதையும்விடக் கனமானது.

இதில் பேதாலஜிஸ்ட்டுக்கு ஒரு தலைவலி உண்டு. திசுவை வெட்டும்போது கட்டியின் செல்கள் தெறித்துப்போய்ப் பக்கத்துக் குழாய்க்குள் விழுந்து கிடக்கும். அது நோய் நுழைந்தது ஆகாது. செல்கூட்டம் குழாயின் சுவரை ஒட்டியிருக்க வேண்டும், அதன்மேல் குழாயின் உட்பூச்சுச் செல்கள் படர்ந்திருக்க வேண்டும், அல்லது குழாய்க்குள் உறைந்த ரத்தக்கட்டியோடு சேர்ந்து இருக்க வேண்டும். இதைத் தீர்மானிப்பதில் இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்வது அபூர்வமல்ல. சந்தேகம் இருக்கும் ஸ்லைடை இன்னொரு தைராய்டு அனுபவம் உள்ளவரிடம் காட்டுவதில் தவறே இல்லை.

இந்த உறை விவகாரத்தில் ஒரு நல்ல செய்தியும் நடந்தது. பாப்பில்லரி போன்ற கரு இருக்கும், ஆனால் வளர்ச்சி ஃபாலிகுலர் பாணி; உறை அல்லது தெளிவான எல்லை இருக்கும்; எங்கும் துளைத்திருக்காது. இப்படிப்பட்ட கட்டிகளைப் பல வருடம் புற்றுநோய் என்றே சொல்லி, முழுத் தைராய்டையும் எடுத்து, கதிரியக்க அயோடினும் கொடுத்து வந்தார்கள். எல்லை எங்கும் உடையாத இந்தக் கட்டிகள் எடுத்த பிறகு திரும்புவது கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து பழைய ஸ்லைடுகளை ஆராய்ந்து கண்டார்கள். 2016ல் கேன்சர் என்ற சொல்லையே நீக்கி, நிஃப்ட்-பி என்று பெயர் மாற்றினார்கள். உங்கள் அறிக்கையில் அந்தப் பெயர் இருந்தால், எல்லாத் துண்டிலும் உறை முழுமையாகப் பார்க்கப்பட்டதா என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

தைராய்டை விட்டு வெளியே

அடுத்த எல்லை தைராய்டின் வெளிப்பரப்பு. ‘எக்ஸ்ட்ராதைராய்டல் எக்ஸ்டென்ஷன்’ என்ற வரி இதைச் சொல்வது. படிக்கவே பயமாக இருக்கும் இந்தச் சொல்லில் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரிவது. சுற்றியுள்ள கொழுப்பில் கொஞ்சம் செல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இதில் சிக்கல் என்னவென்றால், தைராய்டைச் சுற்றி எல்லா இடத்திலும் முழுமையான உறை கிடையாது. நோயே இல்லாத தைராய்டுக்குள்ளும் கொழுப்பும், சில இடத்தில் தசை நாரும் இருக்கும். அப்படியிருக்க, எங்கே தைராய்டு முடிகிறது என்று கோடு போடுவதே கஷ்டம். இந்த மைக்ராஸ்கோப் அளவு வெளியேற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு 3 முதல் 8 சதவீதம் என்றுதான் கணக்கு. முன்பு இதை வைத்தே கட்டியை டி3 (ஸ்டேஜ் கணக்கில் கட்டிக்கான மூன்றாம் படி) என்று ஏற்றிவிடுவார்கள். எட்டாவது பதிப்பில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். பழைய அறிக்கை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இரண்டாவது, அறுவை மேஜையிலேயே சர்ஜன் கண்ணால் பார்ப்பது: கழுத்துத் தசையில் ஒட்டியிருக்கிறது, மூச்சுக்குழாயில், உணவுக்குழாயில், குரல் நரம்பில் ஊடுருவியிருக்கிறது. தசையைத் தாண்டி இந்த உறுப்புகளுக்குள் போயிருந்தால் திரும்பும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம். அதனால் பேதாலஜி அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வரியைப் படிப்பது அரைகுறை. சர்ஜன் எழுதிய ஆபரேஷன் குறிப்பும் பக்கத்தில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இது ஒரு வரியில் சுருங்கியிருக்கும், கேட்டு வாங்குங்கள்.

முடிச்சுகளை எப்படி எண்ணுவது

பாப்பில்லரி வகை நிணநீர் வழியே பயணிப்பது. கழுத்து முடிச்சுகளில் அது இருப்பது சகஜம். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. எத்தனை முடிச்சு, உள்ளே எத்தனை பெரிய நோய், முடிச்சின் உறையை உடைத்துக்கொண்டு வெளியே வந்ததா என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

2015 வழிகாட்டுதலின் எண்கள் இந்த ஏற்றத்தை நன்றாகக் காட்டுகின்றன. ஐந்து முடிச்சு வரை நோய் இருந்தால் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ 5 சதவீதம். ஐந்துக்கு மேல் போனால் 20 சதவீதம். ஏதாவது ஒரு முடிச்சில் நோய் 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் 30 சதவீதம். மூன்றுக்கு மேற்பட்ட முடிச்சுகளில் நோய் இருந்து, முடிச்சின் உறையையும் உடைத்திருந்தால் 40 சதவீதம். முடிச்சில் கேன்சர் என்ற ஒரே வாக்கியத்துக்குள் 5 முதல் 40 வரை அடங்கியிருக்கிறது பாருங்கள்.

எண்ணிக்கையைப் படிக்கும்போது வகுக்கும் எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். ‘2/3’ என்று இருந்தால் மூன்று முடிச்சு எடுத்து அதில் இரண்டில் நோய். ‘2/24’ என்றால் இருபத்துநான்கை எடுத்துப் பார்த்ததில் இரண்டில்தான். இரண்டாவது அறிக்கைதான் அதிக தைரியம் தருவது, ஏனெனில் தேடியது அதிகம்.

செத்த திசு, பிரியும் செல்

2022 வகைப்பாட்டில் புதிதாக ஒரு பெயர் வந்தது: ‘ஹை-கிரேட்’ (வீரியம் அதிகமான) டிஃபரன்ஷியேட்டட் தைராய்டு புற்றுநோய். பார்ப்பதற்கு வழக்கமான பாப்பில்லரியோ ஃபாலிகுலரோதான். ஆனால் 2 சதுர மில்லிமீட்டர் பரப்பில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட செல்கள் பிரிந்துகொண்டிருக்கும், அல்லது கட்டியின் ஒரு பகுதி ரத்த ஓட்டத்துக்கு எட்டாத வேகத்தில் வளர்ந்து செத்துக் கிடக்கும். இரண்டில் ஒன்று இருந்தாலே போதும், இந்தப் பெயர் வந்துவிடும். மற்ற எல்லை வரிகள் எல்லாம் சாதுவாக இருந்தாலும் ‘மைட்டோசிஸ்’ (செல் பிரிதல்), ‘நெக்ரோசிஸ்’ (திசு சாதல்) என்ற இரண்டு சொற்கள் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கும். ஊசி குத்திய இடத்தில் வரும் சிதைவு இதில் சேராது. அதைப் பிரித்துப் பார்ப்பதும் பேதாலஜிஸ்ட்டின் வேலை.

மரபணு சோதனை எவ்வளவு உதவும்?

பாப்பில்லரி கட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பிராஃப் என்ற மரபணுவில் வி600இ மாற்றம் இருக்கிறது. இவ்வளவு பேருக்கு இருக்கும் ஒன்று, தன்னந்தனியாக நின்று ஆபத்தானவரைப் பிரித்துக் காட்டுவது சிரமம். தைராய்டுக்குள் அடங்கிய ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த ஒற்றைக் கட்டியில் பிராஃப் இருந்தாலும் திரும்பும் வாய்ப்பு 1 முதல் 2 சதவீதம்தான். டெர்ட் என்ற இன்னொரு மரபணுவின் தூண்டு பகுதியில் வரும் மாற்றம் அப்படியல்ல. பத்தில் ஒரு பாப்பில்லரி கட்டியில்தான் இருக்கும், ஆனால் இருந்தால் கனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியில் டெர்ட் மாற்றம் இருந்தால், பிராஃபும் கூட இருந்தாலும் இல்லாவிட்டாலும், திரும்பும் வாய்ப்பு 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. எல்லாருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. செலவும் அதிகம். திசு அறிக்கையே குறைந்த அபாயம் என்று சொல்லும் இடத்தில் இதைச் செய்து புதுக் கவலை வாங்கிக்கொள்ள வேண்டாம் என்பேன்.

பயமுறுத்தும், ஆனால் பெரிதாக ஒன்றுமில்லாத வரிகள்

‘மல்டிஃபோகல்’ என்றால் தைராய்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் கட்டி. பாப்பில்லரியில் இது சாதாரணம். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளாக இருந்தால், பல இருந்தாலும் கணக்கு 4 முதல் 6 சதவீதம். ‘சாமோமா பாடி’ என்பது சுண்ணாம்புச் சத்து அடுக்கடுக்காகப் படிந்த துகள், பாப்பில்லரியை அடையாளம் காட்ட உதவும். ‘லிம்ஃபோசைட்டிக் தைராய்டைட்டிஸ்’ என்று வந்தால் அது ஹாஷிமோட்டோ வகை அழற்சி. கேன்சர் இன்னும் பரவிவிட்டதோ என்று இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. பல ஆய்வுகளில் இது இருப்பவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே காணப்பட்டிருக்கிறது. ஆனால் தைரோகுளோபுலின் என்பது தைராய்டு செல்கள் சுரக்கும் புரதம்; இவர்கள் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்பொருள் இருந்தால், நோய் மிச்சமிருக்கிறதா என்று அறியப் பின்னால் செய்யும் தைரோகுளோபுலின் டெஸ்ட் தவறான எண் காட்டலாம். ஆகவே இந்த வரியை எண்டோகிரைன் டாக்டரிடம் காட்ட மறக்க வேண்டாம்.

அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனை 1993 முதல் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, எல்லை தாண்டாத பாப்பில்லரி கட்டிகளை அறுக்காமலே கவனித்து வருகிறது. பத்து ஆண்டுகளில் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தவை சுமார் 8 சதவீதம், முடிச்சுக்குப் போனவை சுமார் 4 சதவீதம். இங்கும் அவர்கள் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது அளவை மட்டும் பார்த்தல்ல. மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டிய கட்டி என்றால் எவ்வளவு சிறிதானாலும் கவனிப்புப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

அறிக்கைக்கு அப்புறம்

மேலே சொன்ன சதவீதங்கள் எல்லாம் அறுவை முடிந்த நாளின் கணக்கு. அது அப்படியே நிலைத்து நிற்காது. முழுத் தைராய்டும் எடுத்து, அயோடினும் கொடுத்தவருக்கு முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் தைரோகுளோபுலின் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, கழுத்து ஸ்கேனும் சுத்தமாக இருந்தால், அறிக்கையில் நடுத்தர அபாயம் என்று இருந்தவரின் வாய்ப்பும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சாது என்று எழுதப்பட்டவருக்குத் தைரோகுளோபுலின் மெல்ல ஏறிக்கொண்டே போனால் மருத்துவர் மறுபடி தேட ஆரம்பிப்பார். பாதித் தைராய்டு மட்டும் எடுத்தவர்களுக்கு மீதி உறுப்பே தைரோகுளோபுலின் சுரக்கும் என்பதால் அந்த எண்ணை இதே மாதிரி படிக்கக் கூடாது. அவர்களுக்குக் கழுத்து அல்ட்ராசவுண்டுதான் முக்கியம்.

நடைமுறையில் ஒன்று செய்துவைக்கலாம். அறிக்கைத் தாள் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். மெழுகுக் கட்டியும் ஸ்லைடும் போனால் போனதுதான். ஆய்வகங்கள் இவற்றை ஒரு குறிப்பிட்ட காலம்தான் வைத்திருக்கும். வேறு மருத்துவமனைக்கு மாறும்போதோ, பத்து வருடம் கழித்துச் சந்தேகம் வரும்போதோ, டெர்ட் சோதனை தேவைப்படும்போதோ இந்த மெழுகுக் கட்டியைத்தான் கேட்பார்கள். எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், எழுதிக் கொடுத்தால் நம்மிடம் தருவார்களா என்று இப்போதே கேட்டு, மெழுகுக் கட்டியின் எண்ணை (பிளாக் எண்) அறிக்கையின் ஓரத்தில் குறித்துவையுங்கள். வாங்கி வீட்டில் வைத்தால் வெயில் படாத, சூடில்லாத இடத்தில் வையுங்கள், மெழுகு உருகும்.